எல்லா எண்ணிலும் அம்மா

தொல்காப்பியம் செய்யுள் உறுப்புகளில் ஒன்றாகக் 'கேட்போர்' என்பதையும் வைக்கிறது. இதை நடத்தினால் வகுப்பில் கொட்டாவி விடுவார்கள். இப்போதெல்லாம் கைபேசியை எடுத்து, "ஹாய் டியர், உங்களுக்காகவே நெய்த பட்டு!" என்று வாசித்துக் காட்டிவிடுகிறேன். சொல்பவர் யார்? எவருமில்லை. கேட்பவர்? நிரப்பப்பட்ட ஒரு காலியிடம்.

வாட்ஸ்அப்பில் கடைகள் அனுப்புபவை முன்பே வார்த்துவைத்த அச்சுகள். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள்; பட்டியலைப் பார்த்து இயந்திரம் நிரப்பிக்கொண்டே போகும். சிலசமயம் அதுவும் தவறி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 1 வந்து நிற்கும். எனக்குப் பிடித்த ஒரே விளி அதுதான்.

முப்பத்தெட்டு வயதில், ஐந்தாம் மாதத்தில், எனக்குக் கரு கலைந்தது. வாரக்கணக்குச் சொல்லும் செயலி ஒன்றில் எண்ணைக் கொடுத்திருந்தேன். செயலியை நீக்கினேன். 24ஆம் வாரம் செய்தி வந்தது: உங்கள் குட்டி இப்போது சோளக்கதிர் நீளம். பிறகு டயப்பர். ஓராண்டு கழித்துப் பிறந்தநாள் கேக்குக்குத் தள்ளுபடி. சென்ற மாதம், "அம்மா, பள்ளிச் சேர்க்கை தொடங்கிவிட்டது."

ஊர்வாயைப் பற்றிப் பெண்கள் நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். 'விசேஷம் உண்டா' என்று விடாமல் கேட்ட எதிர்வீட்டு அக்காகூட, ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றினார். முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமாவது ஊருக்கு இருந்தது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜில்லியன் பிராக்கெல் 2018இல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அவருக்குக் குழந்தை இறந்தே பிறந்தது; விளம்பரங்கள் மட்டும் நிற்கவில்லை. நான் கர்ப்பமானதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த உங்களுக்கு, என் குழந்தை இறந்ததைக் கண்டுபிடிக்க முடியாதா என்பது அவர் கேள்வி. தெரிந்து என்ன செய்வார்கள்? இறந்த குழந்தைக்கு வாங்க ஒன்றுமில்லையே. பூப்பு, கல்யாணம், பேறு, மாதவிடாய் நிற்பது என்று பாட்டிமார் விரல்விட்டு எண்ணிய அதே கணக்கைத்தான் சந்தையும் வைத்திருக்கிறது. அதில் இடையில் நின்றுபோவதற்குக் கட்டம் இல்லை. இப்போது மூட்டுவலித் தைலமும் சுருக்கம் போக்கும் களிம்பும்கூட எனக்கு வரத் தொடங்கிவிட்டன, பள்ளிச் சேர்க்கையோடு சேர்ந்தே.

"பிளாக் பண்ணிவிட்டுப் போயேன்" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கு வருவது கடன் வேண்டுமா என்ற செய்திதான். 1909இல் பதிந்தேன், அது அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான், வாட்ஸ்அப்புக்கு இல்லை. ஒரு எண்ணைத் தடுத்தால் வேறொரு எண்ணிலிருந்து வருகிறது. முப்பதுக்கு மேல் தடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் நான் அம்மாதான்.