வாளியும் பட்டையும்

சீட்டாட்டம் பற்றி எழுதுகிறேன் என்றதும் வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்பதை நான் மறந்துவிடவில்லை. அந்த அதிகாரத்தில் என்னை எப்போதும் வியக்க வைப்பது ஒன்று உண்டு. வள்ளுவர் தோற்றவனை எச்சரித்துத் தொடங்கவில்லை. வென்றவனை எச்சரித்தே தொடங்குகிறார். வெற்றி பொய் சொல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார். தோல்வியும் அதே அளவு பொய் சொல்லும் என்பது பற்றி இன்று எழுத விரும்புகிறேன்.

எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளருக்குச் சீட்டு அந்நியமானதல்ல. கடைசிப் பக்கம் அச்சுக்குப் போவதற்கும் முதற்பிரதி கைக்கு வருவதற்கும் இடைப்பட்ட நள்ளிரவு வேளைகளில் 304 ஆடுவது நான் பணியாற்றிய ஆசிரிய பீடங்களில் வழமை. ஸ்கோப்பன், ஆடுத்தன், கிளாவர், ரூவிதன் என்று ஒல்லாந்தர் விட்டுச் சென்ற பெயர்களை உரக்கச் சொல்லித் துரும்பு அடிப்போம். ஜக் ஒன்றுக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20. ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் 304. தோற்றவர் மறுநாள் தேநீர் வாங்கித் தரவேண்டும், அவ்வளவே. தேநீர்ச் செலவால் எவரும் உறக்கம் இழந்ததில்லை.

போக்கர் அப்படியல்ல. பணத்தை எடுத்துவிட்டால் அங்கே ஆட்டமே இல்லை. கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு வைக்கிறாய், எப்போது விலகுகிறாய் என்பதே அதில் திறமை. ஆகவே தோல்வி அங்கே வேறு விதமாக வலிக்கிறது.

வரக்காப்பொலையில் எனக்கொரு பழைய நண்பர் இருக்கிறார். கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டி வீதியில் தலகுலி வாங்குவதற்காக வாகனங்கள் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் அவருடைய சிறிய வீடு. மகன் இலண்டனில் கணக்காளன். சனிக்கிழமைகளில் அனுமதி பெற்ற ஒரு மேசையில் போக்கர் ஆடுபவன்; புத்தகம் வாங்கிப் படித்து, கணக்குப் போட்டு ஆடுபவன். மூன்று ஆண்டுகளில் சிறிது இலாபமும் கண்டிருந்தான். பின்னர் ஏழு மாதங்கள் தொடர்ந்து இழப்பு. விடுமுறையில் வந்திருந்தபோது, தந்தையார் உள்ளே போன நேரம் பார்த்து என்னிடம் கேட்டான்: “மாமா, எனக்கு ஆட்டம் மறந்து போய்விட்டதா, அல்லது இது கெட்ட காலமா? அம்மாவிடம் சொன்னால் சாதகம் பார்ப்பார்.”

வீட்டுக் கூரைக்கென்று சேர்த்த பணத்தில் அவன் இன்னும் கை வைக்கவில்லை. ஆனால் வைக்கலாமா என்ற எண்ணம் இரண்டு முறை வந்ததாகச் சொன்னான். எனக்குக் கலக்கம் தந்தது இழந்த தொகையன்று, இந்த இரண்டு முறைதான்.

அவன் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. ஆனால் அது ஆறுதல் தரும் விடையன்று. கணக்காளனாதலால் அவனோடு கணக்காகவே பேசினேன். மேசையில் கட்டாயமாக வைக்கவேண்டிய பெரிய பந்தயத்தை ஓர் அலகு என்போம். நூறு ஆட்டங்களுக்குச் சராசரியாக 5 அலகு வெல்பவன் நல்ல ஆட்டக்காரன். ஆனால் அதே நூறு ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் 90 அலகு அளவில் இருப்பது சாதாரணம். 10,000 ஆட்டங்கள் ஆடினால் அவன் எதிர்பார்க்கக்கூடிய இலாபம் 500 அலகு; ஏற்ற இறக்கமோ 900. அதாவது, நல்ல ஆட்டக்காரர் நூறு பேரை எடுத்தால், 10,000 ஆட்டங்களின் முடிவில் அவர்களில் ஏறத்தாழ 29 பேர் நட்டத்தில் இருப்பர். மணிக்கு 30 ஆட்டம் வீதம் சனிக்கிழமைதோறும் நான்கு மணி நேரம் ஆடுபவன் 10,000ஐ எட்ட ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஏழு மாதத் தோல்வி அவனுடைய திறமையைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லவில்லை. மூன்று ஆண்டு இலாபமுங்கூட நாம் நினைக்கும் அளவுக்கு எதையும் சொல்லிவிடவில்லை. பிந்தியதை அவன் விரும்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இது என் கற்பனையன்று. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற கணினி நிரலுக்கும் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் போட்டி நடந்தது. இருபது நாட்களில் 1,20,000 ஆட்டங்கள். ஏன் இவ்வளவு? குறைவாக ஆடினால் யார் திறமைசாலி என்று சொல்ல முடியாது என்பதால்தான். அதுவும் போதாதென்று, ஓர் அறையில் மனிதருக்கு விழுந்த சீட்டையே மற்ற அறையில் இயந்திரத்துக்கு வழங்கினர், அதிர்ஷ்டத்தை இரு பக்கமும் சமன் செய்வதற்காக. இத்தனை ஏற்பாட்டுக்குப் பின்னரே இயந்திரம் வென்றது என்று அறிவித்தார்கள். நம் பையனோ ஒவ்வொரு ஞாயிறு காலையும் பணப்பையைப் பார்த்துத் தனக்குத் தானே தீர்ப்பெழுதிக் கொண்டிருந்தான்.

பணப்பை சொல்லாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? இதைப் பேசிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நண்பர் விறாந்தைக்கு வந்து அமர்ந்தார். சீட்டைப் பற்றிய பேச்சென்று அவருக்குத் தெரியாது. தெரியப்படுத்தவும் மகனுக்கு மனமில்லை. நான் பேச்சை மாற்றி, தோட்டத்தில் நல்ல வெட்டாளை எப்படி இனங்காண்பீர்கள் என்று கேட்டேன். எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார் என்று பார்ப்பார் என நினைத்தேன்.

“கிலோவை வைத்து ஆளைச் சொல்ல ஏலாது ஐயா,” என்றார். “காலையில் மழை பெய்தால் வெட்டே இல்லை. இலை உதிர்கிற மாதத்தில் பால் குறையும். அதற்கு ஆள் என்ன செய்வார்? நான் வாளியைப் பார்க்க முன் பட்டையைப் பார்ப்பேன். ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் கூடத்தான் வரும். ஆனால் மரத்தில் காயம் பட்டுவிடும். பிறகு வளர்கிற பட்டை முண்டு முண்டாக வரும், அந்த இடத்தில் ஒழுங்காகக் கத்தி வைக்க முடியாது. வாளி நிறைந்த நாளில்தான் நான் கவனமாகப் போய்ப் பார்ப்பேன்.”

மகன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

போக்கர் உலகின் பெரிய ஆசான்களும் இதைத்தான் செய்கிறார்கள். எரிக் சைடல் என்பவர் 1988இல் உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டத்தில் ஜொனி சானிடம் தோற்றார். அந்தத் தோல்வி 1998இல் வெளிவந்த ரவுண்டர்ஸ் திரைப்படத்தில் காட்டப்பட்டு, போக்கர் அறியாதவர்கள் கண்ணிலும் பட்டது. அதன் பின்னர் அதே தொடரில் பத்துப் பட்டங்களை வென்றவர் அவர். மரியா கொன்னிகோவா என்ற உளவியலாளர் ஆட்டம் தெரியாமலே அவரிடம் பாடம் கேட்கப் போய், அந்த அனுபவத்தை 2020இல் நூலாக எழுதினார். நல்ல சீட்டு வைத்திருந்தும் அநியாயமாகத் தோற்ற கதைகளைச் சைடல் காது கொடுத்துக் கேட்பதில்லையாம். எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தாய், ஏன் எடுத்தாய் என்பது மட்டுமே அவருக்கு வேண்டும்.

நம் பழங்கதையிலும் ஒருவன் இருக்கிறான். சூதில் தருமன் தோற்றதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். நளன் எப்படி மீண்டான் என்பதை மறந்துவிடுகிறோம். புட்கரனிடம் நாட்டை இழந்த நளன் உடனே மறு ஆட்டம் கேட்டுப் போகவில்லை. இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருந்த காலத்தில், ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் அம்மன்னன் நின்ற இடத்திலேயே எண்ணிச் சொன்னதைக் கண்டு வியந்து, குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண்ணும் வித்தையைப் பெற்றான். சூதின் நுட்பமும் அதனுள்தான் இருந்தது. அதைக் கற்ற பிறகே புட்கரனைத் தேடிப் போனான். தோல்விக்கும் மறு ஆட்டத்துக்கும் இடையில் ஒரு கல்வி இருந்தது.

அவனுக்கு நான் சொன்னவை மிகச் சாதாரணமானவை. ஆட்டத்துக்கென்று தனிப் பணம். அது தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது, கூரைப் பணத்துக்கு மேசையின் திசையே தெரியக்கூடாது. ஒரு மேசையில் அமரும் தொகையைப் போல் குறைந்தது இருபது மடங்கு கையிருப்பு இல்லையெனில் சிறிய மேசைக்கு இறங்கிவிடுவது; இதில் மானக்கேடு ஒன்றுமில்லை. மேசை நடத்துபவர் ஒவ்வொரு பந்தயத் தொகையிலிருந்தும் எடுக்கும் தரகையும் கணக்கில் சேர்ப்பது. வந்திருப்போர் எல்லோரும் சமமான ஆட்டக்காரரென்றால், தரகு போக எல்லோரும் தோற்பர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

பிறகு, கோபம். ஆங்கிலத்தில் ‘டில்ட்’ என்பார்கள். காசு போட்டு ஆடும் பழைய பின்போல் இயந்திரத்தைக் கோபத்தில் பிடித்துச் சாய்த்தால், அது அப்படியே நின்றுவிடும்; அங்கிருந்து வந்த சொல். இழந்ததை இன்றிரவே மீட்கவேண்டும் என்ற எண்ணம் எழுந்தவுடன் எழுந்துவிடவேண்டும். அந்த எண்ணம் வரும் நேரத்தில் மனிதன் தன்னை மிக நிதானமானவனாகவே நினைத்துக்கொள்வான் என்பதால், நேரத்தையும் தொகையையும் வீட்டிலிருந்து புறப்படும் முன்பே எழுதி வைப்பது நல்லது.

முக்கியமானது கொப்பி. ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுத்த முடிவுகளில் ஐயமுள்ளவற்றை எழுதி, முடிவு சரியா பிழையா என்று மட்டும் குறிக்கவேண்டும். வென்றதா தோற்றதா என்பதைக் கடைசியில் சிறிய எழுத்தில் எழுதினால் போதும்.

இரண்டு மாதங்களின் பின் அவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இன்னமும் நட்டத்தில்தான் இருக்கிறான். கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். ரூவிதன் நான்கு சேர்ந்துவிட்டது, ஐந்தாவதற்கு ஒரு சீட்டே பாக்கி. கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுகளில் ஒன்பது ரூவிதன். அதாவது நூற்றில் 20க்குச் சற்றுக் குறைவு. நடுவில் 100 பவுண் இருக்க, எதிரி தன்னிடம் எஞ்சிய 50ஐயும் வைக்கிறார். 200இல் 50 போட்டு ஆடுவதற்கு நூற்றில் 25 வேண்டும். இவன் போட்டிருக்கிறான், ரூவிதனும் விழுந்து, மொத்தத் தொகையும் இவனுக்கே வந்திருக்கிறது.

பக்கத்தில் சிவப்பு மையால் ‘பிழை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தான்.