கிடங்கில் பிறந்த தாளம்

சிகாகோவின் ஜெஃபர்சன் தெருவில் இருக்கும் ஒரு மூன்று மாடிக் கட்டடம் உலகம் முழுவதையும் ஆட வைத்தது. அதைக் காப்பாற்ற அந்த நகரத்துக்கு 46 ஆண்டுகள் ஆயின.

சிகாகோவின் தெருமுனைகளில் இரண்டு வகைப் பெயர்ப்பலகைகள் உண்டு. பச்சைப் பலகை தபால்காரருக்கு. பழுப்புப் பலகை கௌரவத்துக்கு. யாரையாவது பெருமைப்படுத்த நினைத்தால் மாநகராட்சி பெரும்பாலும் தெருவின் அசல் பெயரில் கை வைப்பதில்லை. கூடவே ஒரு பழுப்புப் பலகையைத் தொங்கவிடுவதோடு சரி. பெயரை மாற்றிவிட்டு, பிறகு பஸ் கண்டக்டரும் பயணியும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும் நம் ஊர் வழக்கத்தைவிட இது சிக்கனமான ஏற்பாடு.

மிச்சிகன் அவென்யூவில் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கும் பகுதிக்கு 1995ல் சுவாமி விவேகானந்தர் பெயர் சூட்டப்பட்டது. 1893 செப்டம்பரில் சர்வமத மாநாட்டில் அவர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். இதன் எதிரே தொடங்கும் ஆடம்ஸ் தெருவில் மேற்கு நோக்கி நடந்தால், சியர்ஸ் டவர் என்று உலகம் அறிந்திருந்த, 2009 முதல் வில்லிஸ் டவர் ஆகிவிட்ட 110 மாடிக் கோபுரம். அதன் கட்டமைப்பை வடிவமைத்த பொறியாளர் பஸ்லுர் ரஹ்மான் கான் வங்காளத்துக்காரர். அவர் பெயருக்கும் அருகே ஒரு பலகை இருக்கிறது. பிறகு ஆற்றுப் பாலம், யூனியன் ஸ்டேஷன். அதையும் தாண்டி இரண்டு தெரு போனால் ஜெஃபர்சன் தெரு. அங்கே இன்னொரு பழுப்புப் பலகை. ஒன்றரை கிலோமீட்டருக்குள் துறவிக்கும் பொறியாளருக்கும் அடுத்து மூன்றாவதாக கௌரவம் பெற்றிருப்பவர் ஒரு டிஜே. பெயர் ஃபிராங்கி நக்கிள்ஸ்.

பலகைக்கு அருகே, 206 என்ற இலக்கமிட்ட கட்டடத்தில் பார்க்க ஒன்றுமில்லை. மூன்று மாடி, சதுரமான முகப்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில் உபயோகத்துக்காகக் கட்டப்பட்ட நூற்றுக்கணக்கான சிகாகோ கட்டடங்களில் ஒன்று. பின்னாளில் இது அலுவலகமானது. ஆனால் 1977ல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் இங்கே ஒரு நடன கிளப்பைத் திறந்தார். கிடங்கு போல இருந்ததால் அங்கே வந்தவர்கள் அதை வேர்ஹவுஸ் என்று அழைக்க ஆரம்பித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

வில்லியம்ஸ் முதலில் கூப்பிட்டது நக்கிள்ஸை அல்ல, அவருடைய நண்பர் லாரி லெவனை. நியூயார்க்கை விட்டு வர லெவனுக்கு மனமில்லை. 1955ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்து, துணி வடிவமைப்பு படித்து, லெவனோடு சேர்ந்து கிளப் கிளப்பாகச் சுற்றி ரிக்கார்டு போடக் கற்றுக்கொண்ட நக்கிள்ஸ் கிளம்பி வந்தார். அப்போது அவருக்கு வயது 22.

வேர்ஹவுஸுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். அதிலும் தன்பால் ஈர்ப்பு கொண்டவர்கள். நகரின் வடபகுதி பார்களில், கறுப்பு இளைஞன் என்றால் வாசலிலேயே நிறுத்தி ஒன்றுக்கு மேற்பட்ட அடையாள அட்டைகளைக் கேட்கும் வழக்கம் இருந்தது. கேட்பதன் நோக்கம் வயதைத் தெரிந்துகொள்வது அல்ல. சொந்தக் குடும்பத்திலும் தேவாலயத்திலும் இடமில்லாதவர்களுக்கு பார்களிலும் இடமில்லை. ஜெஃபர்சன் தெருவில் அந்தக் கேள்வி இல்லை. மதுவும் இல்லை. பழரசம், தண்ணீர், இருட்டு, சத்தம். சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பகல் வரை போகும். மற்றவர்கள் பிரார்த்தனைக்குப் போகும் நேரத்தில் இவர்கள் வியர்வையில் நனைந்து வெளியே வருவார்கள். அருள் இழந்தவர்களுக்கான தேவாலயம் அது என்று நக்கிள்ஸ் பிற்காலத்தில் சொல்வதுண்டு.

அந்த நாட்களில் அவர்கள் ஆடியது டிஸ்கோவுக்கு. அதே நகரம்தான் டிஸ்கோவுக்குக் கொள்ளியும் வைத்தது. வேர்ஹவுஸிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே இருந்தது கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். 1979 ஜூலை 12 அன்று ரேடியோ அறிவிப்பாளர் ஸ்டீவ் டாலின் அழைப்பின் பேரில், கையில் ஒரு டிஸ்கோ ரிக்கார்டும் 98 சென்ட் காசுமாக ஜனங்கள் அங்கே குவிந்தார்கள். சுமார் 50,000 பேர். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ரிக்கார்டுகளைப் பெட்டியில் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை.

அன்று அங்கே பார்வையாளர்களுக்கு இடம் காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் ஒரு கறுப்பினப் பள்ளி மாணவர். ஜனங்கள் கொண்டுவந்த ரிக்கார்டுகளைப் பார்த்தார். பல, டிஸ்கோவே அல்ல. கறுப்பினக் கலைஞர்கள் பாடியவை, அவ்வளவுதான். எரித்தது எதை என்று அவருக்குப் புரிந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1984ல், ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘ஆன் அண்ட் ஆன்’ முதல் ஹவுஸ் இசை ரிக்கார்டு என்று பலராலும் சொல்லப்படுகிறது. அந்தப் பழைய மைதானம் 1991ல் இடிக்கப்பட்டு கார் நிறுத்துமிடமாகிவிட்டது.

வெடித்த பிறகு பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. ஆட வைக்கப் புதிய ரிக்கார்டுகள் இல்லை. நக்கிள்ஸின் உண்மையான தொழில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பழைய பாட்டை டேப்பில் ஏற்றி, பிளேடால் வெட்டி, ஒட்டினார். ஜனங்களுக்குப் பிடித்த தாளப் பகுதியை நீட்டினார். பிடிக்காத பகுதியை எறிந்தார். மூன்று நிமிடப் பாட்டு பத்து நிமிடம் ஓடியது. சில இரவுகளில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, எக்ஸ்பிரஸ் ரயில் பாய்ந்து வரும் சத்தத்தைப் போடுவார். கும்மிருட்டில் ரயில் தலைக்கு மேல் போவது போல இருக்கும். கூட்டம் அலறும்.

‘வேர்ஹவுஸில் போடும் பாட்டு இருக்கிறதா?’ என்று ரிக்கார்டு கடைகளில் கேட்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர்கள் அதற்கென்று தனித் தட்டு ஒதுக்கினார்கள். பெயர் நாளடைவில் தேய்ந்து ‘ஹவுஸ்’ ஆனது. வீட்டுக்கும் இந்த இசைக்கும் வேறு சம்பந்தமில்லை. அது கிடங்கின் வால்.

1982 வரை அங்கே இருந்த நக்கிள்ஸ், பிறகு பவர் பிளாண்ட் என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார். டெட்ராய்ட்டிலிருந்து வந்த இளைஞர் டெரிக் மே அவரிடம் ஒரு ரோலண்ட் 909 தாள மெஷினை விற்றார். டிரம் வாசிப்பவரே இல்லாமல் நிமிடத்துக்கு 120 அடி, சோர்வே இல்லாமல். டேப் வெட்டிய கைக்கு இப்போது தாளமே சொந்தமாகிவிட்டது. ஜேமி பிரின்சிபிள் என்ற கூச்ச சுபாவக்காரர் எழுதிப் பாடிய ‘யுவர் லவ்’, ரிக்கார்டாக வருவதற்கு வெகு முன்பே நக்கிள்ஸின் டேப்பிலிருந்து ஒலித்தது. கேசட் கேசட்டாகப் பிரதி எடுக்கப்பட்டு ஊரெங்கும் பரவியது. பின்னால் டிராக்ஸ் நிறுவனம் அதை வெளியிட்டபோது லேபிளில் இருந்தது நக்கிள்ஸின் பெயர். இந்த இசை உலகில் யார் எதைச் செய்தார்கள், காசு யாருக்குப் போனது என்பதெல்லாம் இன்னும் தீராத வழக்கு.

(ரோலண்டின் பெட்டிகளை சிகாகோ மட்டும்தான் கண்டுகொண்டது என்று நினைக்க வேண்டாம். 1982லேயே பம்பாயில் சினிமா வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங், அதே கம்பெனியின் 808, 303 மெஷின்களில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ரிக்கார்டு போட்டார். யாரும் வாங்கவில்லை. சிகாகோவில் 303ஐத் திருகி ‘ஆசிட் ஹவுஸ்’ உருவாக்கிய ரிக்கார்டு வந்தது 1987ல். 2010ல் மறுபதிப்பு வந்த பிறகே உலகம் சிங்கைக் கண்டுபிடித்தது.)

சொந்த நாட்டில் ரேடியோக்காரர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளாத இசையை பிரிட்டன் தூக்கிக்கொண்டது. 1987 ஜனவரியில் சிகாகோவின் ஸ்டீவ் ‘சில்க்’ ஹர்லி போட்ட ‘ஜாக் யுவர் பாடி’ அங்கே முதலிடம். நக்கிள்ஸ் நியூயார்க்குக்குத் திரும்பினார். டேவிட் மொராலெஸுடன் டெஃப் மிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து பிரபலங்களின் பாடல்களை நடன இசையாக மாற்றித் தந்தார். 1991ல் வந்த ‘தி விசில் சாங்’ அமெரிக்க நடன இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1998ல், சிறந்த ரீமிக்ஸ் கலைஞருக்கான கிராமி விருது முதல்முறையாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியவர் அவர்தான். ஆனால் லெவன் 1992லேயே இறந்துவிட்டார். வேர்ஹவுஸில் ஆடியவர்களில் பலரை எய்ட்ஸ் கொண்டுபோயிருந்தது.

2004 ஆகஸ்டில் பழுப்புப் பலகை வந்தது. அதற்கு ஆதரவு திரட்டியவர்களில் ஒருவர், அப்போது மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமா. மீண்டும் சிகாகோவாசியாகிவிட்ட நக்கிள்ஸ், சர்க்கரை நோயால் 2008ல் ஒரு பாதத்தை இழந்தார். அதன் பிறகும் விமானம் ஏறி ஊர் ஊராக ரிக்கார்டு போட்டார். 2014 மார்ச் 31 அன்று, 59 வயதில் காலமானார்.

பலகை தெருவுக்குத்தான், கட்டடத்துக்கு அல்ல. இந்தப் பகுதியில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போக, கட்டடம் கைமாறிய செய்தி வந்ததும் சிகாகோ விழித்துக்கொண்டது. 2023ல் ஒரு பாதுகாப்பு அமைப்பு அதை அழியும் ஆபத்தில் உள்ள கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. ரசிகர்கள் கையெழுத்து திரட்டினார்கள். அதே ஆண்டு ஜூனில் நகர மன்றம் அதை நினைவுச் சின்னமாக அறிவித்தது. பலகைக்கும் பாதுகாப்புக்கும் இடையே 19 ஆண்டுகள். கட்டடக் கலைப் பெருமை எதுவும் இல்லாத ஒரு வெளிச்சுவர் இப்போது பத்திரமாக இருக்கிறது. ஆடிய தளம் எப்போதோ போய்விட்டது.

ரிக்கார்டுகள் போகவில்லை. நகரின் தென்பகுதியில், ஸ்டோனி ஐலண்ட் அவென்யூவில் 1923ல் கட்டிய ஒரு வங்கிக் கட்டடம் பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்தது. சிற்பி தியஸ்டர் கேட்ஸ் அதை மாநகராட்சியிடம் ஒரு டாலருக்கு வாங்கினார். பழைய கழிப்பறைப் பளிங்கை ‘பத்திரங்களாக’ அறுத்து, ஒவ்வொன்றும் 5,000 டாலர் என்று விற்றுச் செப்பனிட்டார். 2015ல் கலைக்கூடமாகத் திறக்கப்பட்ட அந்த வங்கியில் நக்கிள்ஸின் சுமார் 5,000 ரிக்கார்டுகள் இருக்கின்றன.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஜாக்சன் பார்க். விவேகானந்தர் வந்த 1893ல் உலகக் கண்காட்சி நடந்த இடம். 1990ல் சில டிஜேக்கள் தொடங்கிய குடும்ப விருந்து ஒன்று வளர்ந்து, ஜூலை மாதங்களில் இங்கே ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டும் ஹவுஸ் இசைப் பிக்னிக் ஆகிவிட்டது. கூடாரம் அடித்து, கரி அடுப்பில் இறைச்சி சுட்டு, மடக்கு நாற்காலிகளை விரிக்கிறார்கள். 1977ல் இருபது வயதில் வேர்ஹவுஸ் படியேறியவர்களுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. அன்று நள்ளிரவில்தான் ஆட்டம் தொடங்கும். இங்கே சனிக்கிழமை காலையிலேயே ஸ்பீக்கர் அதிர ஆரம்பித்துவிடுகிறது. பேரப் பிள்ளைகளுக்கு பர்கரைக் கொடுத்துவிட்டு எழுந்து ஆடப் போகிறார்கள்.