நின்றால் அணையும் விளக்கு

தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு மின்சாரம் மாலை ஆறரைக்கு வரும். இரவு பத்துக்குப் போய்விடும். ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த டீசல் இஞ்சின் கொடுத்த வெளிச்சம் அது. நிறுத்துவதற்குச் சற்று முன்னால் இஞ்சின்காரர் விளக்குகளை ஒருமுறை அணைத்து மறுபடி எரியவிடுவார். 'பாயை விரியுங்கள்' என்பதற்கான அறிவிப்பு அது. அதற்குள் வீட்டுப்பாடத்தை முடிக்காதவன் மண்ணெண்ணெய் விளக்கடியில் கண்ணைக் கசக்க வேண்டியதுதான்.

பத்து மணிக்குப் பிறகு எங்கள் வீட்டில் மின்சாரம் உண்டாக்கக்கூடிய ஒரே பொருள் அப்பாவின் சைக்கிள். பின் டயரில் உரசி ஓடும் சின்ன டைனமோ. 6 வோல்ட், 3 வாட். விடிகாலையில் பெரட்டுக்குப் போகும்போது அந்த மஞ்சள் வெளிச்சம் செம்மண் பாதையில் நடுங்கிக்கொண்டே போவதை வாசலில் நின்று பார்ப்பேன். நிலா வெளிச்சம் இருந்தால் அப்பா டைனமோவைத் தட்டிவிட மாட்டார். ஏன் என்று கேட்டதற்குச் சொன்னார்: "வெளிச்சம் சும்மா வராதுடா. காலு கூலி கேக்கும்." டைனமோ டயரைத் தொட்டதும் மிதிப்பது கனத்துப்போகும். பின்னால் இரண்டு பால் டின்கள் தொங்கும்போது அந்தக் கனமும் ஒரு கனம்தான்.

இப்போது சித்தியவானில் ஒரு தாமானில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு ஏர்கான். அரைமணி நேரம் கரண்ட் போனால் வாட்ஸ்அப் குழுவே கொதிக்கிறது. கடற்கரைப் பக்கம் போனால் மஞ்சோங் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். கடலில் மண் கொட்டி உண்டாக்கிய தீவில் நிற்கும் நிலையம் அது. கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரியில் ஓடுகிறது. மொத்தத் திறன் 4,100 மெகாவாட். தீபகற்பத்தின் விளக்குகளில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் எரிகின்றன. இதைப் பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை. சுவிட்சைத் தட்டினால் எரிகிறது. கால் கூலி கேட்பதில்லை.

யோசிக்க வைத்தது என் மகள். பள்ளியில் பாங்கிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். 1982-லிருந்து இயங்கிவரும் ஆராய்ச்சி அணுஉலை அங்கே இருக்கிறது. ஒரு மெகாவாட் வெப்பத் திறன், மின்சாரம் தயாரிப்பதில்லை. தண்ணீருக்கடியில் தெரிந்த நீல வெளிச்சத்தைப் பற்றி வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "பா, நான் யுகேஎம்ல நியூக்ளியர் சயன்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேராவில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் ஊர் செர்னோபில் அல்ல, புக்கிட் மேரா. ஈப்போவுக்குப் பக்கத்தில் எண்பதுகளில் ஓர் அரிய மண் ஆலை இயங்கியது. ஈயச் சுரங்கங்களில் மிஞ்சிய அமாங் மணலிலிருந்து தாதுக்களைப் பிரித்தார்கள். பிரித்தபின் மிஞ்சியது தோரியம் கலந்த கழிவு. ஊர் மக்கள் 1985-இல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. 1994-இல் ஆலை தானாகவே மூடிக்கொண்டது. கழிவு மட்டும் மூடிக்கொண்டு போகவில்லை. கிளேடாங் மலைத்தொடரில் இடம் அமைத்துப் புதைத்திருக்கிறார்கள். இன்னும் பல தலைமுறைகள் யாராவது அதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அது பவர் ஸ்டேஷன் இல்லப்பா. அது வேற" என்றாள் மகள்.

"கழிவு கழிவுதானே?"

"அப்ப தெனமும் இங்க போற பொக என்னா? அது கழிவு இல்லயா? கண்ணுக்குத் தெரியாமக் காத்துல போனா மட்டும் பரவால்லயா?"

எனக்குப் பதில் வரவில்லை. உடனே அப்பாவின் சைக்கிளைத் துணைக்கு இழுத்தேன். உங்கள் தாத்தா ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் காலம் முழுக்க ஓட்டினார். எல்லாரும் அப்படி இருந்தால் நிலக்கரியும் வேண்டாம், அணுவும் வேண்டாம் என்றேன். மகள் தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். சாதாரண ஆள் ஒருவர் விடாமல் மிதித்தால் ஏறக்குறைய 100 வாட். ஒரு மணி நேரம் மிதித்தால் கால் சொல்லும் கதை பெரிது. மின்சாரக் கணக்கில் அது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. பல ஆண்டுகளாக முதல் 200 யூனிட்டுக்கு இருந்த கட்டணம் 21.8 காசு. அதன்படி ஒரு மணி நேர வியர்வையின் விலை இரண்டு காசு! ஒரு ஹார்ஸ்பவர் ஏர்கான் ஓட எட்டுப் பேர் மிதிக்க வேண்டும். மஞ்சோங் நிலையத்துக்கு ஈடாக? நான்கு கோடியே பத்து லட்சம் பேர். மலேசியாவின் மொத்த மக்கள்தொகை, கைக்குழந்தைகளையும் சேர்த்து, அந்த அளவு இல்லை. "ஆயிரம் மெகாவாட் ரியாக்டர் ஒன்னுக்கே ஒரு கோடி பேர் வேணும்பா" என்று பேனாவை மூடினாள்.

கணக்கு சரி. ஆனால் கேள்வி தவறு என்று எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் பட்டது. சைக்கிள் மின்சாரம் தயாரிக்க வந்ததல்ல. செலவைத் தேவையில்லாமல் ஆக்க வந்தது. என் மைவி ஏறத்தாழ ஒரு டன். அதற்குள் உட்காரும் நான் 72 கிலோ. ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலைக்கு என்னைக் கொண்டுபோக ஒரு டன் இரும்பையும் சேர்த்து இழுக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் வைத்துப் பார்த்தால், மிதிப்பவன் சாப்பாட்டில் செலவழிப்பதைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல் அந்தக் கார் செலவழிக்கிறது. இந்தக் கணக்கை மகளிடம் காட்டினேன். "இது கரெக்ட்தான்" என்றாள். பிறகு கேட்டாள்: "அப்ப ஏன் நீங்க சைக்கிள்ல போறதில்ல?"

அதற்கான பதிலை நான் அவளிடம் முழுதாகச் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

2001-இல் தோட்டத்தை விற்றார்கள். தாமானுக்கு வந்தோம். அப்பாவால் சைக்கிளை விட முடியவில்லை. தோட்டத்தில் அவருக்கு எதிரே வந்தவை மாட்டு வண்டி, மோட்டார் சைக்கிள், துரையின் ஜீப். இங்கே கடைக்குப் போக நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். ஒரு மாலை, விளக்கு வைக்கிற நேரம், சாலை ஓரத்தில் ஒரு காலை ஊன்றி வண்டிகள் போகட்டும் என்று காத்திருந்தார். லாரி ஒன்று ஓரத்தை உரசிக்கொண்டு வந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப்பின் எட்டு வருடம் இருந்தார், சைக்கிளில் ஏறவில்லை. மருத்துவமனையில் லாரிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த என்னிடம், "அவனுக்கு என்னாத் தெரியும்? நின்னா வெளக்கு அணஞ்சிரும்ல" என்றார். டைனமோ அப்படித்தான். சக்கரம் சுற்றும்வரைதான் வெளிச்சம். மிகவும் தேவைப்படுகிற இடத்தில், நிற்கும்போது, இருட்டாகிவிடும்.

மகள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ரியாக்டர் அதுக்கு நேர்மாறுப்பா" என்றாள். "நிறுத்துனாலும் அணையாது."

ஃபுகுஷிமாவைப் பற்றி அவள் விளக்கினாள். 2011 மார்ச் 11 அன்று நிலம் அதிர்ந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன. அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால் அணுப்பிளவு நின்றபிறகும், ஏற்கெனவே பிளந்த பொருட்கள் சிதைந்துகொண்டே வெப்பத்தை விடும். நிறுத்திய உடனே அது முழு வெப்பத்தில் ஆறு, ஏழு விழுக்காடு. நேரம் போகப்போகக் குறையும். 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலை என்றால் நின்ற பின்னும் கிட்டத்தட்ட 200 மெகாவாட். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறக்குறைய ஐம்பது நிமிடத்தில் வந்த சுனாமி டீசல் இஞ்சின்களை மூழ்கடித்தது. பம்புகள் நின்றன. மூன்று உலைகள் உருகின.

எங்கள் தோட்டத்து டீசல் இஞ்சின் நினைவுக்கு வந்தது. அது நின்றால் நாங்கள் தூங்கப் போனோம். இங்கே அது நின்றால் ஓர் ஊரே வெளியேற வேண்டும்.

"இதத்தான் நானும் சொல்றேன்" என்றேன். "நம்ம தாமான்ல அடச்ச கால்வாயச் சுத்தம் பண்ண எத்தன மாசம் ஆச்சு? இவங்கள நம்பி நின்னாலும் அணையாத ஒன்ன எப்படிக் கொடுக்குறது?"

"அதனாலதான்பா படிக்கணும். நிறுத்துனதுக்கு அப்புறம் பாத்துக்க ஆள் வேணும்ல. இங்க ரியாக்டரே கட்டாட்டியும், கிளேடாங்ல பொதச்சத யாரு பாப்பா?"

அதற்குமேல் நான் மறுக்கவில்லை. அணுமின்நிலையத்துக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. 2018-இல் அப்போதைய பிரதமர் மகாதீர், கழிவைக் காரணம் காட்டி வேண்டாம் என்றார். 2025-இல் 13-ஆவது மலேசியத் திட்டத்தில் அந்தப் பேச்சு மறுபடி வந்திருக்கிறது. எத்தனை மெகாவாட், எத்தனை பில்லியன் வெள்ளி என்று சொல்கிறார்கள். நின்றபின் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத்தான் நான் செய்திகளில் தேடுகிறேன். சைக்கிளுக்கும் அதே கேள்விதான். சைக்கிள் ஓட்டுங்கள், நாட்டைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வது சுலபம். ஓட்டுகிறவன் சாலையோரத்தில் நிற்கும்போது அவனை யார் பார்த்துக்கொள்வது? அவனுக்கென்று மூன்றடி பாதை ஒதுக்க முடியாத நாடு, ஆயிரம் ஆண்டுக்குக் கழிவைப் பாதுகாப்பேன் என்று சொன்னால் நான் எதை வைத்து நம்புவது?

மகள் இப்போது பாங்கியில் படிக்கிறாள். நான் வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். நிலக்கரிக் கப்பல் ஒன்றுகூட இதனால் குறையப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். பெட்ரோல் கொஞ்சம் மிஞ்சுகிறது, அவ்வளவுதான். அப்பாவின் டைனமோ அலமாரியில் இருக்கிறது. என் சைக்கிளில் மகள் வாங்கிக் கொடுத்த பேட்டரி விளக்கு. நின்றாலும் எரியும்.

போன வாரம் திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. அதே நெடுஞ்சாலை. ஒரு காலை ஊன்றிக் காத்திருந்தேன். லாரி ஒன்று வேகத்தைக் குறைக்காமல் கடந்து போனது. அதன் காற்று சட்டையை இழுத்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சைக்கிளை இன்னும் இரண்டடி புல்லுக்குள் தள்ளி நிறுத்தி, அடுத்த வண்டி போகட்டும் என்று காத்திருந்தேன்.