ரொக்கி மலைகளிடையே வீட்டு வண்டியில்

கனடா நாட்டுக்குச் சென்று மீள்வோரிடம் அங்கு கண்ட காட்சி யாதென வினவினால், நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றியே பெரும்பாலோர் கூறுவர். எம்மவர் மிகுதியாக வாழும் ரொறன்ரோ நகருக்கு அது அண்மையில் இருப்பதே காரணம். அந்நகரிலிருந்து மேற்கே மூவாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், சமவெளி முடியும் இடத்திலே சுவரெடுத்தாற்போல எழுந்து நிற்கின்றது ரொக்கி மலைத்தொடர். அதனைக் கண்டு வருவோர் சிலரே. கல்கரி நகரில் வாழும் எம் தம்பியின் அழைப்பினால், 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவ்வாய்ப்பு எமக்குக் கிட்டியது. யாழ்ப்பாணத்திலிருந்து எம்முடன் வந்தவர், எண்பத்தொரு வயதினரான அன்னையார்.

தம்பியும் அவன் மனைவியும் மக்கள் இருவரும் சேர நாம் ஆறு பேர். விடுதிகளில் தங்கினாற் செலவு மிகும். அன்னையாருக்கு வெளிச்சாப்பாடும் ஒவ்வாது. ஆகவே தம்பி ஒரு வீட்டு வண்டியை ஏழு நாட்களுக்கு வாடகைக்கு அமர்த்தினான். ஆர்.வி. என்று அந்நாட்டினர் இதனை அழைப்பர். லொறியொன்றின் முதுகில் ஒரு சிறு வீட்டைக் கட்டி வைத்தாற்போன்ற தோற்றமுடையது. எமது வண்டியின் நீளம் இருபத்தைந்து அடி. சாரதியின் தலைக்கு மேலே ஒரு படுக்கை. பின்புறத்தில் ஒரு படுக்கை. நடுவிலுள்ள உணவு மேசையை இறக்கினால் அதுவும் ஒரு படுக்கை. எரிவாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலகூடம், குளிக்குமறை ஆகிய யாவும் உள. வண்டியின் அடியிலே மூன்று தாங்கிகள்: நல்ல நீருக்கு ஒன்று, கழுவிய நீருக்கு ஒன்று, மலகூடக் கழிவுக்கு ஒன்று. நிரம்பிய கழிவுத் தாங்கிகளைக் குறித்த நிலையங்களிலே குழாய் பொருத்தி வெறுமையாக்க வேண்டும். இப்பணி தம்பிக்கும் எமக்கும் உரியதாயிற்று. மலைகளின் எழிலைப் பாடும் பிரயாணக் கட்டுரைகள் இதனை ஏனோ கூறுவதில்லை.

வண்டியைச் சுற்றிப் பார்த்த அன்னையார், "குடிபூருகிற வீடுதானே, பால் காய்ச்சாமல் எப்படிப் போறது?" என்றார். தம்பியின் வீட்டு வாயிலில் நின்ற வண்டிக்குள்ளேயே பால் பொங்கியது. பிள்ளைகள் இருவரும் அதனைத் தம் கைத்தொலைபேசிகளிற் படம் பிடித்தனர்.

பால் காய்ச்சியும் முதற் சங்கடம் தப்பவில்லை. ஓடும் வண்டியில் ஒவ்வோர் அலுமாரிக் கதவையும் கொளுவியிட்டுப் பூட்டவேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. மறந்துவிட்டோம். முதலாவது வளைவிலேயே மேற்றட்டிலிருந்த மிளகாய்த்தூட் போத்தல் விழுந்து உடைந்தது. யன்னல்கள் யாவற்றையும் திறந்து, தும்மியபடியே பத்து மைல் சென்றோம்.

கல்கரியிலிருந்து பான்ஃப் நகரம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கனடாவின் முதலாவது தேசியப் பூங்கா இதுவேயாகும். 1883இல் புகையிரதப் பாதை அமைக்கும் வேலையாளர் மூவர் மலைச்சாரலிலே ஒரு வெந்நீரூற்றுக் குகையைக் கண்டனர். உரிமை யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. 1885இல் அரசாங்கம் ஊற்றைச் சூழ்ந்த நிலத்தைத் தன்வசமாக்கிற்று. 1887இல் அது பூங்காவாயிற்று. இன்று அதன் பரப்பு 6,641 சதுர கிலோமீற்றர். "கண்டுபிடித்தனர்" என்று எழுதுவது வழக்கமாயினும், ஸ்ரோனி நக்கோடா மக்கள் அந்த ஊற்றுக்களை முன்னரே அறிந்திருந்தனர். பூங்கா அமைந்தபின் அவர்கள் அங்கு வேட்டையாடுதல் தடுக்கப்பட்டதென்பதையும் ஈண்டுக் கூறல்வேண்டும்.

நகரத்தை அணுகும் பெருந்தெருவின் இருமருங்கும் உயர்ந்த கம்பிவேலி ஓடுகின்றது. இடையிடையே தெருவுக்கு மேலாகப் பாலங்கள். அவற்றின் மீது வண்டி செல்வதில்லை. புல்லும் மரமும் வளர்ந்திருந்தன. அவை கரடியும் ஓநாயும் மானும் தெருவைக் கடப்பதற்கென அமைக்கப்பட்டவை. தெருவுக்கு அடியாலும் இவ்வாறான வழிகள் பல உள. வேலியும் இவ்வழிகளும் வந்தபின், வாகனங்களில் மோதுண்டு இறக்கும் விலங்குகளின் தொகை எண்பது வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாம். யானை வேலிகளைப் பற்றியும் புகையிரதத்தில் மோதும் யானைகளைப் பற்றியும் நாள்தோறும் படிக்கும் நாம், அப்பாலங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தோம்.

கரடியைப் பற்றிய பாடம் அன்றிரவே கிடைத்தது. முகாம் நிலத்திலே உணவுப் பொருளேதும் வெளியில் இருத்தலாகாது. பாத்திரம் கழுவிய நீரையும் நிலத்தில் ஊற்றலாகாது. சோற்றுப் பானையை மேசைமீது விட்டு நாம் உலாவப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது காவலர் ஒருவர் அதனருகே காத்து நின்றார். மனித உணவைச் சுவைத்த கரடி மீண்டும் மனிதரைத் தேடி வரும். ஈற்றில் அதனைக் கொல்ல நேரிடும் என்று பொறுமையோடு எடுத்துரைத்தார். அன்னையார் ஊரிலிருந்து கொணர்ந்த கருவாட்டுப் பொதி அதன்பின் மூன்று பைகளுக்குள் சென்றது. அதனைப் பொரிக்க முயன்ற ஒருநாள் வண்டியின் புகையறிவிப்பு மணி அலறியதும், அண்டை வண்டியினர் ஓடி வந்ததும், வந்தவர் பொரியலைச் சுவைத்துச் சென்றதும் வேறு கதை.

மூன்றாம் நாள் லூயிஸ் ஏரி. விக்ரோறியா மகாராணியின் மகள் லூயிசின் பெயர் ஏரிக்கு. அவ்விளவரசியின் பெயரின் மற்றொரு பகுதியான அல்பேட்டா என்பதே மாகாணத்துக்கு. ஏரியின் நிறத்தை எவ்வாறு கூறுவது? பச்சையென்றாலும் பொருந்தாது, நீலமென்றாலும் பொருந்தாது. பனிக்கட்டியாறு மெல்ல நகரும்போது அடியிலுள்ள பாறையை மாப்போல அரைக்கின்றது. அந்த மா உருகும் நீரோடு கலந்து ஏரியிலே மிதந்து நிற்கும். அதன்மீது படும் ஒளியே இந்நிறத்தைத் தருகின்றது. அண்மையிலுள்ள மொறெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்த வாகனங்கள் செல்ல இயலாது, பேருந்திலேயே செல்லவேண்டும். ஒருகாலத்தில் கனடாவின் இருபது டொலர்த் தாளிலே அச்சிடப்பட்டிருந்த காட்சி அது. "அகதியாக வந்து முதன்முதல் வாங்கிய சம்பளத்தில் இந்த ஏரிதான் இருந்தது, ஓவியம் என்று நினைத்தேன்" என்றான் தம்பி.

லூயிஸ் ஏரி முகாமிலே கூடாரத்தில் தங்குவோருக்கென ஒதுக்கிய பகுதியைச் சுற்றி மின்வேலி உண்டு. கரடிகள் வெளியே உலாவ மனிதர் வேலிக்குள்ளே துயில்கின்றனர். எமது வண்டிக்குக் கெட்டியான சுவர் இருந்தமையால் நாம் வேலிக்கு வெளியே! அன்றிரவு எவரும் மலகூடத் தாங்கியைக் குறைகூறவில்லை.

லூயிஸ் ஏரியிலிருந்து வடக்கே ஜாஸ்பர் நகருக்குச் செல்லும் பாதை பனிவெளிப் பெருந்தெரு எனப்படும். நீளம் சுமார் 230 கிலோமீற்றர். உலகப் பொருளாதார மந்தத்தின்போது வேலையற்றோருக்கு வேலை கொடுப்பதற்காக 1931இல் தொடங்கி, மண்வெட்டியும் பிக்காசுமாக வெட்டப்பட்டு, 1940இல் திறக்கப்பட்டது. கைத்தொலைபேசி பெரும்பாலும் வேலை செய்யாது. எரிபொருள் நடுவழியில் ஓரிடத்திலே மட்டும் கிடைக்கும். வழியிலே கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேலான கணவாய்கள் இரண்டு. நுவரெலியா நகரத்திலும் உயர்ந்தவை. ஏற்றங்களில் வண்டி முனகிற்று. இறக்கங்களில் தம்பி தடுப்பை மிதித்துக்கொண்டேயிராது தாழ்ந்த கியரிலே இறக்கினான். பெறாமக்கள் இருவரும் ஒரு கறுப்புக் கரடியைக் கண்டதாகச் சாதித்தனர். நாம் கண்டது தெருவோரம் புல் மேய்ந்த மலையாடுகளையே.

கொலம்பியாப் பனிவெளி என்பது மலைகளின் உச்சியிலே பரந்து கிடக்கும் ஒரு பனிக்கட்டிப் பீடபூமி. அதிலுள்ள ஒரு சிகரத்தில் உருகும் நீர் ஒருபுறம் பசுபிக் சமுத்திரத்துக்கும், ஒருபுறம் ஆட்டிக் சமுத்திரத்துக்கும், ஒருபுறம் ஹட்சன் குடாவின் வழியே அத்திலாந்திக் பக்கத்துக்கும் செல்கின்றது. அங்கிருந்து இறங்கும் நாவுகளில் ஒன்றே அதபாஸ்கா பனிக்கட்டியாறு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அது இன்று பெருந்தெரு ஓடுமிடத்தையும் மூடியிருந்தது. பின்னர் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. பனிக்கட்டி எவ்வாண்டில் எதுவரை இருந்ததென்று காட்டும் பலகைகளை வழிநெடுக நாட்டியுள்ளனர்.

வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். யூலை மாதமேயெனினும் பனிக்கட்டியின் மீதிருந்து இறங்கும் காற்று எலும்பைத் துளைத்தது. அன்னையார் இரு கம்பளிகளுக்குள் இருந்தார்; ஒரு கையிற் பொல்லு, மறுகையைப் பெறாமகள் பற்றியிருந்தாள். பாதை வெறும் உடைகல், புல்லும் இல்லை. 1982 என்று எழுதிய பலகையை அடைந்ததும் அன்னையார் ஒரு கல்லின்மீது அமர்ந்தார். "அந்த வருசம் இவன் பள்ளிக்கூடத்திலே" என்றார். தம்பி நாட்டைவிட்டது 1986இல், பத்தொன்பது வயதில். "அடுத்த பலகை 1992, அப்பம்மா, இன்னும் மேலே" என்றாள் பெறாமகள். அன்னையார் வரவில்லை, முழங்கால் இடந்தரவில்லை.

நாம் சென்றோம். 1992 என்ற பலகையருகே தம்பி நின்று திரும்பிப் பார்த்தான். கீழே கற்களிடையே அன்னையாரின் சிவப்புக் கம்பளி ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவ்விரண்டு பலகைகளுக்கும் இடையிலேதான் எம் தந்தையார் காலமானார். 1991ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்குத் தபாலும் தொலைபேசியும் சீராக இல்லாத காலம். கொழும்புக்குச் சென்ற ஒருவர் கையிற் கொடுத்தனுப்பிய கடிதம் தம்பியை அடைந்தபோது அந்தியேட்டியும் முடிந்திருந்தது. அவன் அப்போது ரொறன்ரோவிலே ஓர் உணவகத்திற் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். இதனை அவன் பிள்ளைகளுக்கு இதுகாறும் சொன்னதில்லை. அன்று, அப்பலகையருகில் நின்று சொன்னான். பதினான்கு வயது மகன் சிறிது நேரம் கேட்டுக்கொண்டு நின்றான், பின்னர், "அப்பா, பனிக்கட்டி இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது?" என்றான். ஆம், 1992க்கும் அப்பால், வெகுதூரம் பின்சென்றே அது கிடந்தது. வழிகாட்டியின்றி அதன்மீது ஏறுதல் கூடாது. வெடிப்புக்களில் வீழ்ந்து இறந்தோர் உளர் என்ற எச்சரிக்கை நின்ற கயிற்றோடு நாமும் நின்றுவிட்டோம்.

திரும்பி வந்தபோது அன்னையாரின் மடியிலே ஒரு சிறு கல் இருந்தது, ஊருக்குக் கொண்டுபோவதற்கு. தேசியப் பூங்காவிலிருந்து கல்லையேனும் பூவையேனும் எடுத்தல் சட்டவிரோதம் என்று பெறாமகள் மெல்லச் சொன்னாள். அன்னையார் அதனை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வைத்துவிட்டு எழுந்தார்.

ஜாஸ்பரை அணுகும்போது காடு கரியாயிருந்தது. 2024ஆம் ஆண்டு யூலை மாதத்திலே மூண்ட காட்டுத்தீயினால், நகரத்தவரும் பிரயாணிகளுமாக ஏறத்தாழ 25,000 பேர் ஒரே இரவில் வெளியேற்றப்பட்டனர். இரு நாட்களின் பின் தீ நகருக்குட் புகுந்தது. 1,113 கட்டடங்களில் 358 அழிந்தன. நாம் சென்றபோது, நின்ற வீடுகளிடையே வெறும் நிலங்கள். படிக்கட்டு மட்டும் எஞ்சியவை சில. கரிந்த மரங்களின் அடியிலோ ஊதாநிறப் பூக்கள் மண்டியிருந்தன. தீச்செடி என்ற பொருள்படும் பெயர் அதற்கு. அங்குள்ள ஒருவகைத் தேவதாருவின் காய்கள் தீயின் வெம்மை பட்டே விரிந்து விதை சிந்துமாம்.

பாண் வாங்கச் சென்ற கடையிலே, அங்கு நின்ற பெண்ணிடம் அன்னையார் பெறாமகளைக்கொண்டு ஒரு கேள்வி கேட்பித்தார்: அவருடைய வீடு தப்பியதா? இல்லை என்றார் அப்பெண். 1995இல் மழையிரவொன்றில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர் அன்னையார். "நாங்கள் திரும்பிப் போன நேரம் கூரை இல்லை, கிணறு இருந்தது" என்றார். இதனைப் பெறாமகள் எவ்வாறு மொழிபெயர்த்தாளோ அறியோம்; அப்பெண் அன்னையாரின் கையைப் பற்றிக்கொண்டார்.

ஜாஸ்பர் பூங்கா, செயற்கை ஒளி புகாது இருளைப் பேணும் காப்பிடமாக 2011இல் அறிவிக்கப்பட்டது. அங்கு யூலையில் இருள் சூழ இரவு பதினொரு மணிக்கு மேலாகிவிடும். விழித்திருந்த அன்னையார் வண்டியின் படியில் அமர்ந்து துருவ நட்சத்திரத்தைத் தேடினார். யாழ்ப்பாணத்தில் அது வடவானிலே பத்துப் பாகை உயரத்தில், பனைகளின் தலையோடு தலையாக மங்கித் தெரிவது. ஜாஸ்பரிலோ ஐம்பத்துமூன்று பாகை. அடிவானத்திலே தேடிய அன்னையாரின் நாடியைத் தம்பி மெல்ல உயர்த்திக் காட்டினான்.

மீளும் வழியிலே பனிக்கட்டியாற்றின் அருகே வந்ததும் தம்பி வேகத்தைக் குறைத்து, "நிற்பாட்டட்டோ, அம்மா?" என்று கேட்டான்.

"வேண்டாம் ராசா, பார்த்தாச்சு. நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

மறுநாட் காலை கல்கரியில் வண்டியை ஒப்படைக்குமுன் துடைத்துத் துப்புரவாக்கினோம். அலுமாரியின் மூலையில் மிளகாய்த்தூள் இன்னும் இருந்தது. தம்பியின் மனைவி ஒரு தடவை தும்மினார்.