அப்பா வைத்த கம்பு

எங்கள் வீட்டு மைவி 2006-இல் வாங்கியது. அதன் பின்கதவு நிற்காமல் போனபோது அப்பா ஒரு பழைய மாப் கட்டையை அளந்து வெட்டி உள்ளே போட்டு வைத்தார். ஒரு கையால் கதவைத் தூக்கி, மறு கையால் கம்பை முட்டுக் கொடுக்க வேண்டும். ஃபோர்மனிடம் காட்டலாம் என்றால், "அதான் கம்பு இருக்கே" என்பார். அப்பா காலமாகி இரண்டு வருடமாகிறது. கார் என் கைக்கு வந்தது. கம்பும் கூடவே வந்தது.

அந்தக் கதவு ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. முதலில் பாதியோடு நின்று, கையால் தள்ளினால்தான் மேலே போனது. பிறகு மழை நாளில் மட்டும் மெல்ல இறங்கியது. கடைசியில் வெயிலிலும் நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் நாங்கள் பழகிக்கொண்டோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் சந்தைக்குப் போயிருந்தோம். தூறல். அம்மாவின் ஒரு கையில் குடை, மறு கையில் மீன் பை. நான் கைப்பேசியில் பார்க்கிங் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் 'டம்' என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், "ஒன்னும் இல்லம்மா, கம்பு வழுக்கிருச்சு" என்றார் அம்மா, சிரித்துக்கொண்டே.

இரவு அவர் தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போதுதான் உச்சியில் வீக்கம் கையில் பட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அப்பா வச்ச கம்பைத் தூக்கிப் போட்டுடுவே" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. தினமும் காலையில் மைக் முன்னால் உட்கார்ந்து, சின்ன அறிகுறியை அலட்சியப்படுத்தாதீர்கள் என்று ஊருக்கே சொல்கிறவள் நான். என் கார் வருடக்கணக்கில் சொன்னது என் காதில் விழவே இல்லை.

மறுநாளே பட்டறைக்குப் போனேன். கதவின் இரு பக்கமும் உள்ள கறுப்புக் குழாய்களை அப்சோர்பர் என்கிறோம் அல்லவா? அவற்றுக்குள் இருப்பது ஸ்பிரிங் என்றே நினைத்திருந்தேன். இல்லை. மிகுந்த அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் வாயுவும் கொஞ்சம் எண்ணெயும்தான். வாயு தண்டை வெளியே தள்ளுகிறது; கதவு நிற்கிறது. நாளடைவில் சீல் தேய்ந்து வாயு கசிந்துவிடும். குளிர்ந்தால் இருக்கும் அழுத்தமும் இன்னும் குறையும். மழை நாளில் கதவு முதலில் இறங்கியது அதனால்தான்.

"ரெண்டையும் சேர்த்து மாத்தணும் தங்கச்சி. ஒன்னு மட்டும் புதுசா போட்டா கதவு ஒரு பக்கமா இழுக்கும்" என்றார் ஃபோர்மன் அண்ணன். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் பலத்தின் அளவும் அந்தக் காருக்கு ஏற்றதாக இருக்க வேண்டுமாம். ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் முனையிலுள்ள கிளிப்பை நெம்பினார். பழையது கழன்று வந்தது; புதியது 'கிளிக்' என்று உட்கார்ந்தது. பத்து நிமிட வேலை. அதற்காக எத்தனை வருடம் கம்பு பிடித்திருக்கிறோம்!

உங்கள் காரிலும் தண்டில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ, கதவு தானாக இறங்கினாலோ காத்திருக்க வேண்டாம். கழற்றிய பழைய குழாயை வெட்டவோ நெருப்பில் போடவோ கூடாது. உள்ளே மிச்ச அழுத்தம் இருக்கும். சில பழைய செடான் கார்களில் அப்சோர்பருக்குப் பதிலாக முறுக்கிய இரும்புக் கம்பிகள்தான் மூடியைத் தாங்கும். அவை நழுவியிருந்தால் நாமே கை வைக்க வேண்டாம், விசையோடு தெறிக்கும். பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

புதிய அப்சோர்பர் போட்ட அன்று அம்மாவையே கதவைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரலால் தூக்கினார். கதவு தானாக மேலே போய் நின்றது. அம்மா கொஞ்ச நேரம் அதன் கீழே நிற்காமல் தள்ளியே நின்றார்.

கம்பை நான் தூக்கிப் போடவில்லை. வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் புடலங்காய்ப் பந்தலுக்கு இப்போது அதுதான் முட்டு.