ஒரு முழம் ரேந்தை

எங்கள் வீட்டு அலுமாரியில் முப்பத்தேழு துண்டு ரேந்தை இருக்கிறது. அதில் ஒன்று முன்பிருந்ததைவிட ஒரு முழம் குறைவு. அந்த முழம் எப்படிக் குறைந்தது என்பதை எழுதிவிட வேண்டுமென்று நீண்ட காலமாக நினைத்து வந்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் வெட்கம் வந்து தடுத்துவிடும்.

ரேந்தை என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. 'லேஸ்' என்று சொல்ல வேண்டும். போர்த்துக்கேயரின் 'ரெண்டா' எங்கள் வாயில் ரேந்தையாகி நானூறு வருடங்களாக நிலைத்துவிட்டது. ரேந்தை மட்டுமா? லேஞ்சி, துவாய், பொத்தான், சப்பாத்து என்று உடுத்துகிற சாமான்களில் பாதிக்கு அவர்கள் வைத்த பெயர்தான். தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து 1626இல் முஸ்லிம்களை வெளியேற்றியவர்களும் அவர்கள்தாம். கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, பலரைக் கிழக்கில் குடியேற்றினான். விரட்டியவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய சொல்லை எங்கள் பெண்கள் கலியாணப் பெட்டகத்துக்குள் மடித்து வைத்துக் கொண்டார்கள். இதை நினைத்து நான் சில வேளைகளில் சிரிப்பதுண்டு.

சேகரிப்பு என்று பெரிதாகத் திட்டமிட்டு நான் எதையும் தொடங்கவில்லை. உம்மும்மா மௌத்தாகி நாற்பது முடிந்தபின் அவருடைய பெட்டகத்தைத் திறந்தார்கள். நகைகள் பங்காகின. பித்தளைச் சாமான்களுக்கும் ஆள் இருந்தது. அடியில் கிடந்த துணிகளை மட்டும் எவரும் கேட்கவில்லை. நான் எடுத்துக் கொண்டேன். மாப்பிள்ளைத் தலையணை உறைகள் இரண்டு, பிள்ளைத் தொப்பி ஒன்று, ஓரம் பின்னிய லேஞ்சிகள், மணி கோத்த சிறிய சுருக்குப் பை. பைக்குள் ஓர் ஆமையோட்டுச் சீப்பும் இருந்தது. காலியின் ஆமையோட்டு வேலை ஒரு காலத்தில் பேர்போனது. இன்று அதை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். ஆகவே சீப்பில் ஒன்றோடு நிறுத்திக் கொண்டேன். ரேந்தையில் நிறுத்த முடியவில்லை.

வேலையின் அருமை தெரிய வேண்டுமென்பதற்காக, வெலிகமையில் பீரலு பின்னும் ஒரு சிங்களப் பெண்மணியின் பக்கத்தில் ஒரு கிழமை உட்கார்ந்தேன். மெத்தை வைத்த பலகை. அதன் நடுவே சுழலும் ஓர் உருளை. உருளையைச் சுற்றி, துளையிட்ட கோலத் தாள். துளைகளில் குண்டூசிகள். ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு மரக்கட்டை தொங்குகிறது. அதுதான் பீரலு, அதுவும் போர்த்துக்கேயச் சொல்தான். இரண்டு சோடிக் கட்டைகளை எடுத்து, குறுக்கே மாற்றி, முறுக்கி, ஊசி குத்தி, அடுத்த சோடிக்குப் போக வேண்டும். செய்வது இவ்வளவுதான். ஆனால் இருபது, முப்பது சோடிகள் ஒன்றாகத் தொங்கும்போது எது எதற்குச் சோடி என்று கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரிய வேண்டும். எல்லாவற்றிலும் கஷ்டம் இலை போடுவது. ஒரே நூலை மற்ற மூன்று நூல்களுக்குள்ளே போகவும் வரவும் விட்டு, அரிசி மணிபோல நடுவில் அகன்று நுனியில் ஒடுங்கச் செய்ய வேண்டும். கை கொஞ்சம் இறுகினாலும் மணி இடுப்பு ஒடுங்கிப் போய்விடும். ஒரு கிழமையில் நான் பின்னியது ஒரு விரல் நீளம். பின்னியது நூலா, சிலந்தி வலையா என்று அவர் கேட்டார்.

அங்கே கற்ற இன்னொன்று, மெஷின் ரேந்தையையும் கை ரேந்தையையும் பிரித்தறிவது. ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1809இல் வலை நெய்யும் மெஷினுக்கு உரிமை பெற்ற பிறகு, அறுகோணக் கண் வலை மலிந்து உலகமெல்லாம் போனது. வலையைக் கடையில் வாங்கி, ஓரத்தை மட்டும் கையால் பின்னித் தைத்துக் கொள்வது எங்கள் பெண்களிடமும் இருந்த வழக்கம். பூதக் கண்ணாடியை வைத்து ஒரு நூலைப் பிடித்துக் கொண்டு போனால், கை வேலையில் அது எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று கடைசிவரை பின்தொடரலாம். மெஷின் வேலையில் எல்லாக் கண்ணும் அச்சடித்தாற்போல இருக்கும். தவறு இருந்தால் அந்தத் தவறும் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். கை செய்யும் தவறு ஒருமுறைதான் வரும்.

நல்ல ரேந்தை எங்கள் வீடுகளில் அதிகம் இல்லை என்பதை அறிய எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. கொழும்புத் துறைமுகம் கட்டி முடிகிறவரை நீராவிக் கப்பல்கள் காலியில்தான் நின்றன. இரத்தினக் கல்லோடும் ஆமையோட்டோடும் ரேந்தையையும் கொண்டுபோய்ப் பிரயாணிகளுக்கு விற்றவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். விற்றவர்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் பிரயாண நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் 'ஏமாற்றுக்காரர்கள்' என்று. உள்வீட்டில் இருந்து பின்னியவளைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவளை யாரும் காணவில்லை. நல்லதெல்லாம் கப்பலேறியது. வீட்டில் மிஞ்சியவை, பழுதானவையும் பாதியில் நின்றவையும் தன் பிள்ளைக்கென்று பின்னியவையும்தான்.

எனவே நான் வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். ஒருமுறை புத்தளத்தில் ஒரு கலியாண வீட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண்ணிடம் பழைய துணிகள் ஏதும் வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு மணித்தியாலம் தந்தாங்க. உடுத்த உடுப்போட வந்தம். பழசு எங்க இருக்கிற?" என்றார். 1990 ஒக்டோபரை மறந்து கேட்ட கேள்வி. அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் சேகரிப்பை நிறுத்தவில்லை.

2003இல் காலிக் கோட்டைக்குள் ஒரு வீட்டில் முட்டாக்கு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கோட்டை வீடுகளை வெளிநாட்டவர்கள் விலை பேசி வாங்கிக் கொண்டிருந்த காலம். அந்த வீட்டையும் பேசி முடித்திருந்தார்கள். வாசலில் கட்டிய பெட்டிகள். எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு மாமி திண்ணையில் இருந்தார். முட்டாக்கைக் கொண்டுவந்து மடியில் விரித்தார். வெள்ளை வலை, நீளவாட்டில் ஒரு பக்கம் முழுக்க நாலு விரல் அகல ரேந்தை. கஞ்சி போட்டு மொடமொடவென்று நின்றது.

"இது ஏண்ட கலியாண முட்டாக்கு மகள். உம்மா பின்னினது. கடைசி மொழம் மட்டும் நான். உம்மாக்கு ஏலாமப் போன..."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. கையில் இருந்த கண்ணாடியைத் துணியில் வைத்துக் கொண்டிருந்தேன். ஓரம் சுத்தமான கை வேலை. அதைப்போல ஒன்று என்னிடம் இல்லை.

"எவ்வளவு மாமி?"

"ஆறாயிரம் எண்டு மகன் செல்லிய."

அப்போது நான் சொன்னது: "வலை மெஷின் வலை மாமி. கடையில் வாங்கினது. பழசும் ஆகிட்டுது, இழுத்தாக் கிழியும்."

ஒரு சொல்லும் பொய்யில்லை. வலை மெஷின் வலைதான். ஓரத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மாமி துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படித்தவள், கண்ணாடி வைத்திருப்பவள், எனக்குத் தெரியும் என்று நம்பினார். மூவாயிரத்து ஐந்நூறுக்குத் தந்தார். ஒரு பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, "ஹயாத்தோட வெச்சிக்கோங்க" என்றும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது எனக்கு இருந்தது சந்தோஷம்தான். அதை மறைப்பதில் பயனில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வெலிகமைக்குள் வந்தது. எங்கள் வீட்டில் அலுமாரியின் பாதிவரை தண்ணீர். எங்களில் எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பக்கத்து வீட்டில் இரண்டு ஜனாஸா. துணிகளை யார் நினைப்பது? சேறு கழுவி, சோறு சமைத்து, ஆட்களைத் தேடி முடிய எத்தனையோ நாளாயிற்று. பிறகுதான் அந்தத் தட்டைத் திறந்தேன். எல்லாம் உப்பும் சேறுமாய் நனைந்து கிடந்தது. பிழியக் கூடாது, தேய்க்கக் கூடாது. அகன்ற பாத்திரத்தில் நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்புப் போகும்வரை வைத்திருந்தேன். முட்டாக்கின் வலை கைபட்ட இடமெல்லாம் விட்டுப் போனது. ஓரத்துக்கு ஒன்றுமில்லை. வலையிலிருந்து பிரித்தெடுத்து, வெள்ளைச் சீலையில் துருப்பிடிக்காத ஊசி குத்தி நிழலில் விரித்தேன்.

அறுபது எழுபது வருடக் கஞ்சி கழுவப்பட்டுப் போயிருந்தது. அப்போதுதான் அதைக் கண்டேன். வலது கையோரம் ஒரு முழம் மட்டும் வேறு கை. அதுவரை ஒவ்வொரு இலையும் அரிசி மணி. அதன்பின் ஒவ்வொன்றும் இடுப்பு ஒடுங்கியது. கோலம் ஒன்றுதான், ஊசித் துளை ஒன்றுதான், ஆனால் நூலை ஒரு சிறுபெண் பயந்து பயந்து இறுக்கியிருக்கிறாள். நாற்பத்தெட்டு நூல். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கை மாறிய இடத்தில் ஒரு நூலிலும் முடிச்சு இல்லை. உம்மா வைத்துவிட்டுப் போன கட்டைகளை அப்படியே எடுத்து மகள் தொடர்ந்திருக்கிறாள். மாமி திண்ணையில் சொல்ல வந்தது இதைத்தான்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேச வேண்டும் என்ற ஹதீஸைப் பாடசாலையில் நான் எத்தனையோ தரம் படிப்பித்திருக்கிறேன். உதாரணத்துக்கு எப்போதும் கடைக்காரனைத்தான் சொல்வேன், தராசைச் சொல்வேன். வாங்குகிறவளும் அதில் இருக்கிறாள் என்பது அன்று என் முகத்தில் அறைந்தது. ஒரு மௌலவியிடம் கேட்டேன். "ஏமாத்தினது எண்டு மனசு செல்லுதா?" என்றார். ஆம் என்றேன். "அப்ப உரியவங்களிட்ட குடுத்து ஹலால் தேடுங்க."

கோட்டைக்குப் போனேன். வீடு ஹோட்டலாகிக் கொண்டிருந்தது; சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டிக் கொண்டிருந்தார்கள். மாமியைத் தெஹிவளைக்கு மகன் கூட்டிப் போனாராம். அங்கே அவர் அதற்கு முந்திய நோன்பில் மௌத்தாகிவிட்டார். விலாசத்தை வாங்கிக் கொண்டு வந்து, நான் போகவில்லை. ஒரு வருடம் போகவில்லை. சாட்டுகள் இருந்தன, அவற்றை எழுதுவானேன்.

2006இல் போனேன். மாமியின் மகளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்லி, இரண்டாயிரத்து ஐந்நூறையும் மேலே ஒரு தொகையையும் வைத்த கடித உறையை நீட்டினேன். வேண்டாம் என்பார், பள்ளிக்குக் கொடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் வாங்கி எண்ணினார். மேலதிகத்தைத் திருப்பி மேசையில் வைத்தார்.

"ஆறாயிரத்துக்குத்தானே கேட்டது. கணக்கு இது. உம்மா மன்னிச்சீப்பாங்க, அவங்க லேசா மன்னிக்கிற. எனக்குக் கொஞ்சம் நாள் போகும் தாத்தா."

பிறகு ரேந்தையைக் காட்டச் சொன்னார். நான் முழுவதையும் திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டு போயிருந்தேன். சுருளைப் பிரித்ததும் அவருடைய கை நேரே வலது ஓரத்துக்குப் போனது. கண்ணாடி தேவைப்படவில்லை. சின்ன வயதில் உம்மா அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவாராம்.

"இந்த மொழத்த மட்டும் வெட்டித் தாங்க. மகள்ட முட்டாக்குல தைக்கணும், வார மாசம் கலியாணம்."

முழுவதும் உங்களுடையதுதான் என்றேன். வெட்டினால் பழுதாகும் என்றேன். கை மாறும் இடம்தான் அதன் பெறுமதி, நூல் அறாமல் போகிறது பாருங்கள் என்று, சேகரிக்கிறவளின் புத்தியோடு, அவருடைய உம்மாவின் வேலையை அவருக்கே விளங்கப்படுத்தினேன்.

"உம்மும்மாவ நான் காணல்ல தாத்தா. அது உங்களிட்ட ஈக்கட்டும், நீங்க நல்லா வெச்சிக்கொள்ளுவீங்க. முழுசாத் தந்தா நானும் பூட்டித்தான் வெப்பன்."

வெட்ட வேண்டிய கோட்டின் இரு பக்கமும் மெல்லிய ஊசியால் நெருக்கமாகத் தைத்துக் கொண்டேன், இல்லாவிட்டால் பின்னல் ஓடிவிடும். அவர் கத்தரியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். ஒரே தரத்தில் வெட்டுப்படவில்லை. மூன்று தரம் வைக்க வேண்டியிருந்தது. தரையில் விழுந்த நூல் துணுக்குகளைக்கூட அவர் பொறுக்கி, முழத்தோடு சேர்த்து ஒரு லேஞ்சியில் முடிந்து கொண்டார்.

என்னுடைய குறிப்புக் கொப்பியில் அந்தத் துண்டு பத்தொன்பதாவது. பழைய அளவை அடித்துவிட்டுப் புதிய அளவை எழுதியிருக்கிறேன்: காலிக் கோட்டை, பீரலு, இருபத்து நாலு சோடி, இரண்டு யார். விலை ஆறாயிரம். வலது ஓரம் வெட்டியது.