நாலு மணிக்கு ஒரு கிண்ணம் சோளப்பொரி



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், டயட்ல இருக்கேன், பாப்கார்ன் சாப்பிடலாமா?" ஒருவன் குவைத்தில் இருக்கிறான். ஒருத்தி நாகர்கோவிலில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். மூன்றாவது ஆள் என் தம்பி மகள். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவள், பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை போடுகிறவள். அந்த இரண்டு தகுதியை வைத்துத்தான் எழுதுகிறேன்.

சாப்பிடலாம். ஆனால் எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். சாயங்கால மிக்சருக்கும் வாழைக்காய் சிப்சுக்கும் பதிலாக என்றால் நல்ல காரியம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாக என்றால் வேண்டாம் மக்களே. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் பாடம். மக்காச்சோளத்தில் எல்லா வகையும் பொரியாது. கோழித் தீவனத்துக்குப் போகும் சோளத்தைச் சட்டியில் போட்டால் கருகத்தான் செய்யும். பொரிச்சோளம் தனி இனம். மணி சின்னது, தோல் கெட்டி. அந்த மணிக்குள் நூற்றுக்கு பதினான்கு பங்கு அளவில் தண்ணீர் இருக்கிறது. சூடு ஏற ஏற அது ஆவியாகிறது, கெட்டித் தோல் வெளியே விடுவதில்லை. ஏறக்குறைய 180 டிகிரி வரும்போது தோல் தாங்காமல் வெடிக்கிறது. உள்ளே குழைந்திருந்த மாவு ஒரு நொடியில் நுரை மாதிரி விரிந்து அப்படியே உறைந்து நிற்கிறது. வெள்ளையாக நாம் தின்பது அந்த நுரையைத்தான். தோலில் கீறல் விழுந்த மணியும், காய்ந்து ஈரம் போன மணியும் பொரியாமல் அடியில் கிடக்கும். வகுப்பில் இதை மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்துச் செய்து காட்டியது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பாடத்தை மறந்து பொரிக்குச் சண்டை போட்டவர்களையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, பெயர் சொல்லவில்லை.

டயட்டுக்கு இது ஏன் உதவும் என்றால், அந்தத் தோலும் முளையும் கூடவே இருக்கின்றன. பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு எரிச்சல் மூட்டுகிறதே, அந்தத் தோல்தான் நார்ச்சத்து. கடையில் வாங்கும் அரிசிப் பொரி தவிடு போன அரிசியில் செய்தது. தின்ன லேசாக இருக்கும், நார் மிகக் குறைவு, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். எண்ணெய் இல்லாமல் பொரித்த சோளம் மூன்று கப் எடுத்தால் எடை 24 கிராம்தான். கிட்டத்தட்ட 93 கலோரி, மூன்றரை கிராம் நார். கிண்ணம் நிறைய இருப்பதால் கண்ணும் நிறைகிறது. அதற்காக இது காற்று என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மூன்று கப்பில் ஒரு சின்ன சப்பாத்தியில் இருக்கிற அளவு மாவுச்சத்து இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கணக்கு கெடுவது சோளத்தில் இல்லை, எண்ணெயில். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நீங்கள் ஒரு கை சோளத்துக்கு ஒரு குழிக்கரண்டி எண்ணெய் ஊற்றி, இறக்கியபின் வெண்ணெயும் போட்டால், தின்பது எண்ணெய்தான், சோளம் அதைத் தூக்கி வருகிற பாத்திரம். உடனடியாகப் பொரிக்கிற பாக்கெட்டுகளில் எண்ணெயும் உப்பும் முன்னாலேயே கலந்து வருகின்றன. பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்துவிட்டு வாங்குங்கள். கண்ணாடி போட்டாவது வாசியுங்கள்.

கேரமல் பாப்கார்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அரசாங்கமே சொல்லிவிட்டது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், உப்பும் மசாலாவும் போட்டு அளந்து விற்கும் பொரிக்கு 5 சதவீதம், பாக்கெட்டில் அடைத்து விற்றால் 12, சர்க்கரைப் பாகு ஏற்றினால் 18 என்று விளக்கம் கொடுத்தது. பாகு ஏறினால் அது மிட்டாய் இனமாம். ஊரே சிரித்தது. எனக்கென்னவோ அந்தக் கடைசிப் பிரிவு சரியாகத்தான் பட்டது. வரிக்கு மிட்டாய் என்றால் நம் இரத்தத்துக்கும் மிட்டாய்தான்.

இனி என் அண்ணனைப் பற்றி. இந்தக் கடியப்பட்டணம் கரையில் கட்டுமரம் தள்ளிய காலத்திலிருந்து கடலுக்குப் போனவர். அந்த நாளில் விடியுமுன் எழும்பித் துடுப்புப் போட்டு, வெயில் ஏறக் கரை பிடித்து, வலையை இழுத்து வந்து, ஒரு சட்டி மரச்சீனியும் சாளைக்கறியும் சாப்பிடுவார். அது அப்படியே உழைப்பில் கரைந்துபோகும். பிறகு வள்ளத்துக்கு எஞ்சின் வந்தது. அதன் பிறகு வயது வந்தது. இப்போது திண்ணையில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார். கடலுக்குப் போவது நின்றது, மரச்சீனிச் சட்டியின் அளவு மட்டும் அப்படியே இருந்தது. போன வருடம் இடது காலில் ஒரு விரலை எடுத்தார்கள். எங்கள் தெருவில் இப்படி விரல் போனவர்களை எண்ண ஒரு கை போதாது. இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேலானவர்களுக்குச் சர்க்கரை என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. அந்த எண்ணிக்கை எனக்கு அண்ணனின் கட்டுப் போட்ட காலாகத்தான் தெரிகிறது.

அவருக்கு நாலு மணி ஆனால் கை சும்மா இருக்காது. தேயிலைத் தண்ணியோடு ஏதாவது வேண்டும். கடையிலிருந்து பழம்பொரி, ரசவடை, இல்லையென்றால் மிக்சர் பாக்கெட். மைனி சொன்னால் கேட்கமாட்டார். நான் ஒருநாள் திங்கள்சந்தையிலிருந்து பொரிச்சோளம் வாங்கிவந்து, நல்லமிளகுப் பொடியும் துளி மஞ்சளும் போட்டு ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

"எட்டி, கோழிக்குப் போடுற சாதனத்தையா எனக்குத் தாற?"

"அது வேற சோளம், இது வேற சோளம். தின்னு பாருங்க அண்ணா."

தின்றார். மிக்சர் அளவுக்கு வராது என்றார். ஆனாலும் கிண்ணம் காலி. பழம்பொரி இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும். சர்க்கரை குறைந்தது இதனால்தான் என்று சொல்லமாட்டேன், மாத்திரையும் மாற்றினார்கள், கிழங்கும் பாதியாகிவிட்டது. இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். மரச்சீனியும் மக்காச்சோளமும் ஒரே திசைக்காரர்கள், இரண்டும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. பெரு நாட்டுக் கடற்கரையில் 6,700 வருடம் பழைய பொரிச்சோளத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அங்கேயும் கடற்கரை மக்கள்தான்.

சரி, ராத்திரிச் சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜவுளிக்கடையில் நிற்கும் பிள்ளை கேள்வி கேட்டாள் என்றேனே, அவள் கேட்டது எல்லாம் முடிந்த பிறகு. கல்யாணத்துக்கு முன்னால் எடை குறைய வேண்டும் என்று, போனில் பார்த்த ஏதோ வீடியோவை நம்பி, மூன்று வாரம் ராத்திரிக்கு வெறும் பாப்கார்ன். மத்தியானமும் அரை வயிறு. அவளுக்கு இருபத்தெட்டு வயதிலேயே சர்க்கரை, மாத்திரை உண்டு. மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறாள். ஒருநாள் விடியற்காலை குளியலறையில் விழுந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறல். அவள் அம்மாவுக்கு நல்ல புத்தி, சீனித் தண்ணி கரைத்துக் கொடுத்து ஆட்டோ பிடித்தாள். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்ததாம். சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டை வெட்டாதீர்கள். சொல்வதைக் கேட்கும் மயக்கநிலை என்றால் சீனித் தண்ணி. விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரி.

மாத்திரை இல்லாதவர்களுக்கும் அது சாப்பாடு ஆகாது. பொரியில் புரதம் கொஞ்சம்தான். எடை குறையும்போது சதை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும், நம் கரையில் அதற்குப் பஞ்சமா? குழம்பு வைத்த நெத்திலியோ அயிலையோ இரண்டு துண்டு, கொஞ்சம் கீரை, அளவாகச் சோறு. அந்தப் பிள்ளை இப்போது இப்படித்தான் சாப்பிடுகிறாள், எடையும் மெதுவாக இறங்குகிறது. கல்யாணத்துக்குள் இறங்குமா என்று கேட்டாள். மாப்பிள்ளை உன் எடையையா கல்யாணம் பண்ணுகிறான் என்று கேட்டேன். சிரித்தாள்.

குவைத்துத் தம்பிக்குச் செய்முறை. அடி கனத்த பாத்திரம், ஒரு சின்னக் கரண்டி எண்ணெய், மூன்று மணி மட்டும் போட்டு மூடு. அது பொரிந்ததும் ஒரு சிறு கை சோளம். மூடியை லேசாகத் திறந்து வை, ஆவி போகாவிட்டால் பொரி ரப்பர் மாதிரி ஆகிவிடும். குக்கரில் செய்தால் மூடியைப் பூட்டாதே, சும்மா மேலே வை. சத்தத்துக்கு நடுவில் இரண்டு மூன்று விநாடி இடைவெளி வந்தால் அடுப்பை அணை. உப்பு சிட்டிகை போதும். நாள் முழுவதற்கும் ஐந்து கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், கருவாடு தின்கிற நமக்கு அது மத்தியானமே முடிந்துவிடும். வறுத்த கறிவேப்பிலையை நொறுக்கிப் போட்டால் உப்புக் குறைந்தது தெரியாது. கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பாத்திரத்தை அடுக்களையிலேயே விட்டுவிடு. சீரியல் பார்த்துக்கொண்டு பாத்திரத்தோடு உட்கார்ந்தால் கை தானாகப் போய்வரும்.

அடியில் கிடக்கும் பொரியாத மணிகளை என் வயதுக்காரர்கள் கடிக்க வேண்டாம், பல் டாக்டருக்குத்தான் வருமானம். நான்கு வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பொரிச்சோளமே கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். என் பேத்திக்கு இரண்டரை வயது. பெரியப்பா தாத்தா கிண்ணத்துக்குள் கைவிட ஓடிவருகிறாள். அவளுக்கென்று அண்ணன் ஒரு மட்டிப்பழத்தை மடியில் ஒளித்து வைத்திருக்கிறார்.